கூட்டாமல் விட்ட கொல்லை

மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம். எனக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும். பண்ணையாட்கள் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே பட்டா போட்டுக் கொடுக்க அரசு சட்டம் கொண்டுவந்திருந்த நேரம். நானும் என் மனைவியும் மிராசுதார் வயலில் கூலி வேலை. குடிசையும் அவர் மனையில்தான்.

குடிசைக்குப் பின்னால் சின்னக் கொல்லை. ஒரு முருங்கை, நாலு வாழை, ஒரு மூங்கில் புதர். வருஷா வருஷம் ஐப்பசி மழையோடு அங்கே ஓர் ஆறுமணிக்குருவி வரும். காலையும் சாயங்காலமும் ஆறு மணிக்குச் சீட்டியடிக்கும். பச்சை முதுகு, வாலுக்கு அடியில் செக்கச் சிவப்பு. ஆள் நிழல் பட்டாலே மறைந்துவிடும். மூங்கில் சருகைப் புரட்டிப் புழு தின்னும். அதற்காகவே என் மனைவி அங்கே விளக்குமாறு படவிடமாட்டாள். பங்குனியில் குருவி போனபிறகுதான் கூட்டுவாள்.

கார்த்திகையில் ஒருநாள், தாலுகா ஆபீஸ் அதிகாரி அளக்க வருகிறார் என்று தகவல். "கொல்லையைக் கூட்டி வை" என்றேன். "அது எங்க போயி மேயும்? நான் கூட்டமாட்டேன்" என்றாள். திட்டினேன். அசையவில்லை.

அதிகாரி வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. கூடவே அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆளும் மிராசுதாரின் காரியக்காரரும். குடிசையை அளந்தார்கள். கொல்லைக்கு வந்ததும் காரியக்காரர், "இது எங்க தோப்பு சார். இவனுங்களுக்குக் குடிசை மட்டுந்தான். பாருங்க, சருகு மண்டிக் கெடக்கு. பொழங்குற எடமா இது?" என்றார்.

அதிகாரி சருகைக் காலால் தள்ளிப் பார்த்தார். "கூட்டக்கூட இல்லையேப்பா" என்றார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதே பண்ணையில் வேலை பார்க்கிறவர்கள். எங்களுக்குச் சாட்சி சொன்னால் அவர்கள் வேலை போய்விடும். கொல்லை போனால் ஓர் ஆடு கட்டக்கூட இடமிருக்காது.

என் மனைவி முன்னால் வந்தாள். "ஐயா, கூட்டாததுக்குக் காரணம் இருக்குங்க. ஒரு குருவி வருதுங்க. இது அது கத்துற நேரந்தான். அந்த வாழைக்கட்டைக்குப் பின்னாலேருந்து வரும். செத்த உக்காருங்க."

காரியக்காரர் சிரித்தார். "குருவிக்கும் பட்டா கேப்பா போலிருக்கு!"

அதிகாரி சிரிக்கவில்லை. "உங்க தோப்புன்னா உங்களுக்குத் தெரியுமே. என்ன குருவிங்க அது?"

"காக்கா குருவி ஆயிரம் வரும் சார்."

அதிகாரி மண்ணில் குந்தினார். வேறு வழியில்லாமல் காரியக்காரரும் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குந்தினார். எங்கள் தெருவில் அவர் தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஏதோ பேச வாயெடுத்தார். "பேசாதீங்கய்யா, அது வெக்கப்படும்" என்றாள் இவள். அவரும் வாயை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு சீட்டி. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாழைக்கட்டைக்குப் பின்னாலிருந்து தத்தித் தத்தி வந்தது. ஒரு சருகைப் புரட்டியது. அதிகாரி இருமினார், காணோம்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "மூங்கில் வரைக்கும் சங்கிலியப் பிடிப்பா" என்று தன் ஆளிடம் சொன்னார். காரியக்காரரைப் பார்த்து, "எங்கேருந்து வரும்னு இந்தம்மாவுக்குத் தெரியுது. உங்களுக்கு அது பேரே தெரியலையே" என்றார்.

பிறகு என்னிடம் பட்டாவுக்குப் பெயர் கேட்டார். "அவ பேருல எழுதுங்க" என்றேன். பொம்பளை பேரிலா என்று காரியக்காரர் முனகினார். மறுபடியும் அதையே சொன்னேன்.

மறுவாரத்திலிருந்து அந்தப் பண்ணையில் எங்களுக்கு வேலை இல்லை. பக்கத்து ஊருக்குத் தினம் வேலைக்கு நடந்தோம். அதைப் பற்றி வருத்தமில்லை. எங்கள் தெருவில் பெண் பேரில் வந்த பட்டா அது ஒன்றுதான்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை, பேசியதிலும் பாதி தப்பு. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சரியாகச் சொன்னேன் என்பதில் மட்டும் இன்றைக்கும் எனக்குக் கர்வம் உண்டு.