விறகுக்கும் ஒரு அறை

வாடகை ஒப்பந்தத்தில் சத்தியபாமாவைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: 'தனி நபர். அமைதியானவர். வளர்ப்புப் பிராணிகள் எதுவும் இல்லை.'

அமைதியானவர் என்பது உண்மை. கத்துவதற்கு அவளிடம் தெம்பு கிடையாது. மற்றபடி, மெல்பேர்ன் புறநகரான த பேசினிலுள்ள அந்த வீட்டில் இந்த ஜூலைக் குளிரில் அவளோடு குடியிருந்தவர்களை எண்ணப் புகுந்தால் விடிந்துவிடும். வெளியில் கிடந்தால் மழைக்கு நனைந்து புகையும் என்று, ஹீற்றரில் எரிக்கும் குளிர்கால விறகு முழுவதையும் அவள் பின்னறைக்குள் முகடுவரை அடுக்கியிருந்தாள். மாரிக்கு முன் விறகை உள்ளே ஏற்றாத வீடு யாழ்ப்பாணத்தில் வீடே அல்ல. ஆனால் அங்கே விறகுக்கு யாரும் ஹீற்றர் போடுவதில்லை. பட்டைக்கடியில் குளிரைத் தூங்கிக் கழிக்க வந்திருந்த வண்டுகள், அறை சூடானதும் கோடை பிறந்துவிட்டதாக நம்பி எழுந்து நடந்தன.

“அக்கா, இதென்ன கோதாரி?” அவளோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மிருணாளினி கதிரையிலிருந்த வண்டுகளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். “விறகுக்கும் ஒரு அறை எடுத்து வாடகை கட்டுற ஆள் மெல்பேர்னிலயே நீங்கள்தான்.”

“நனைஞ்சா எரியாதெல்லோ.”

“நாளைக்கு இன்ஸ்பெக்ஷன். ஏஜன்ற் கண்டாக் கறையான் எண்டுதான் நினைப்பாள். பிறகு லீஸும் இல்லை, ஒண்டும் இல்லை. வாங்கோ, இப்பவே வெளியில எடுப்பம். நானும் பிடிக்கிறன்.”

“ஏலாதடி பிள்ளை. விடிய இருந்து இல்லத்தில ஆக்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு நாரி விட்டுப்போச்சு. கதவைச் சாத்திவிடுறன்.”

“அப்ப ஹீற்றரையாவது மூட்டாதையுங்கோ.”

“ஓம், ஓம்.”

ஏஜன்ற் குறை பிடிக்க வருகிறவள்தான். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவள். அவளைக் குளிரில் நிற்கவைக்கலாமா? காலையில் சத்தியபாமா ஹீற்றரில் விறகைத் திணித்து மூட்டினாள்; ரோல்ஸும் பொரித்தாள். கதவிடுக்கால் சூடு பின்னறைக்குப் போனது. அதே இடுக்கால் வண்டுகள் முன்னறைக்கு வந்தன.

வீடு நல்ல இதமாக இருக்கிறதென்று ஏஜன்ற் சொல்லி வாய் மூடவில்லை, நீண்ட மீசையோடு ஒன்று அவளுடைய சப்பாத்தில் ஏறியது.

“கறையானா?” என்று அவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பழைய வீடு, பலகைச் சுவர். பழியைச் சுமக்க ஆட்கள் இருந்தார்கள். ஆனால் பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்திருக்கவேண்டும். அந்த வேலையும் சேர்ந்தால் சத்தியபாமாவால் தாங்க முடியாது. பின்னறையைத் திறந்து ஒரு கட்டையை எடுத்துப் பட்டையை உரித்துக் காட்டினாள்.

“சுவரில இல்லை, இதுக்குள்ளதான். நான்தான் கொண்டந்து வைச்சனான்” என்றாள், தன்னுடைய ஆங்கிலத்தில்.

ஏஜன்ற் படம் எடுத்தாள். திங்களுக்குள் விறகை வெளியேற்றினால் லீஸைப் புதுப்பிக்கலாம் என்றாள். போகும்போது இரண்டாவது ரோலையும் எடுத்துக்கொண்டாள்.

கார் திரும்பியதும் சத்தியபாமா ஹீற்றரை அணைத்தாள். மிருணாளினியைக் கூப்பிடவில்லை; சொல்லச் சொல்ல மூட்டியவள் தான்தானே. விறகு முழுவதையும் மழைக்குள் தனியே தூக்கிக் கொண்டுபோய் வேலியோரம் அடுக்கி, தார்ப்பாயால் மூடினாள். பின்னேர வேலைக்கு நேரத்துக்குப் போனாள்.