மீன் சட்டியில் பத்துமணிப் பூ

எனக்குச் செடி வளர்க்க வரும். இதைத் தன்னடக்கத்தோடு சொல்ல எனக்குத் தெரியாது. திருவனந்தபுரம் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் மத்தியானம் தொடங்கி ராத்திரி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டே, அஞ்சாவது மாடி பால்கனியில் தக்காளி காய்க்க வைத்தவள் நான். அதனால் ஈஸ்டருக்குக் கல்லறையில் வைக்க ஒரு பூச்சட்டி வேண்டும் என்று அம்மா சொன்னதுமே, "அத நான் பாத்துக்கிறேன்" என்று முந்திக்கொண்டேன்.

அப்பா போன பிறகு வந்த முதல் ஈஸ்டர் அது. எங்கள் சபையில் அன்றைக்கு விடியும் முன்பே எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் கூடிவிடுவோம். அவரவர் வீட்டுக் கல்லறையில் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஆராதனை முடிந்து ஆறரைக்கெல்லாம் கலைந்துவிடுவோம். அடக்கம் முடிந்ததும் அம்மாவை என் ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கல்லறைப் பக்கமே போகவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் முட்டுவலி, மழை, வெயில் என்று எதையாவது சொல்லித் தட்டிக்கழிப்பாள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிய வாரம் அவளாகவே வாயைத் திறந்தாள். "வாங்குன பூ மதியத்துக்குள்ள வாடிரும் மக்ளே. வேரோட உள்ளதா நட்டுக் கொண்டுவா, நானும் வாறேன்." அந்த வார்த்தையை நான் விடுவேனா?

சாலைக் கடைத்தெருவில் நல்ல அகலமான மண்சட்டி ஒன்று வாங்கினேன். மீன்குழம்பு வைக்கிற சட்டிதான். அம்மா முகத்தைச் சுளித்தாள். அடியில் ஆணியால் மெல்லத் தட்டி ஓட்டை போட்டு, கரித்துண்டும் ஆற்றுமணலும் பரப்பி, மேலே செம்மண் நிரப்பினேன். எந்தப் பூ என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் மருந்துக்குக்கூட நிழல் கிடையாது. அந்த வெயிலைத் தாங்கி நிற்க பத்துமணிப் பூவை விட்டால் வேறு எது? நுனியைக் கிள்ளி மண்ணில் குத்தினால் போதும், பிடித்துக்கொள்ளும். நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள், விளிம்பில் வழிந்து தொங்கும்படி அடர்சிவப்பு. பெரிய வெள்ளிக்கிழமை மதியம் சட்டியே தெரியாமல் பூத்து நின்றது. போட்டோ எடுத்து சபைப் பெண்களின் குரூப்பில் போட்டேன். பாராட்டு வந்து குவிந்தது, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஈஸ்டர் அன்று நாலு மணிக்கு இருட்டோடு இருட்டாகச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினோம். கல்லறைத் தோட்டத்து வாசலில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் தலைமாட்டில் சட்டியை வைத்து மெழுகுவர்த்தியைக் கொளுத்தினேன். அப்போதுதான் பார்த்தேன். ஒரு பூ இல்லை. அத்தனையும் மொட்டாக மூடி, வெறும் பச்சையாகக் கிடந்தது.

பூவின் பெயரிலேயே பத்துமணி இருக்கிறது. ஆராதனை அஞ்சு மணிக்கு. இரண்டும் சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும், இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூட யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நான் தூங்கி எழுந்து பால்கனிக்கு வருவதே பத்துக்கு மேல். பக்கத்துக் கல்லறைக்கு லில்லிப்பூ கொண்டுவந்த அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "என்ன இது, கீரையா?" என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பூ போனால் போகட்டும். அம்மா இப்போது மனசு ஒடிந்து திரும்பினால் இனி இந்தப் பக்கம் வரவே மாட்டாள் என்றுதான் பயந்தேன்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தது. "தப்பு என் பேர்லதாம்மா. வா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

அம்மா கல்லறைத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். "நீ வேணும்னா போ. பூ விரியட்டும்."

"அதுக்கு இன்னும் மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும்மா."

"ஆகட்டும். முப்பது வருஷம் ராத்திரி பஸ் ஓட்டுன மனுஷன். எந்த ஈஸ்டருக்கு இவரு பத்து மணிக்கு முன்ன எந்திச்சிருக்காரு? கோயிலுக்குப் போய்ட்டு வந்து, ஆப்பத்த மூடி வச்சிட்டு, இவரு எப்ப எந்திப்பாருன்னு நான் பாத்துக்கிட்டுத்தானே இருப்பேன்?"

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் கல்லைத் துடைத்தாள். நான் தண்ணீர் வாங்கி வரலாம் என்று எழுந்து நாலடி நடந்திருப்பேன். அதற்குள் அவள் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை.

"கேட்டீங்களா, நம்ம வீட்டப் பூட்டிட்டு மவகூட போய்ட்டேன். அத உங்ககிட்ட எப்பிடிச் சொல்லன்னு தெரியாமத்தான் இம்புட்டு நாளும் வரல."