விலை கேட்காதவர்களுக்கு அகலத் திறக்கும் கதவு

இரண்டு வருடங்களுக்கு முன், செப்டம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை பின்னேரம், மத்திய லண்டனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது இது. அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று அங்கே விளக்கக் கூட்டம் வைத்திருந்தது. நோர்பரியிலிருந்து நானும் மகளும் போயிருந்தோம். அவளுக்கு வானியல் பைத்தியம். எனக்குத் தெரிந்த வானியல் சனிப்பெயர்ச்சியோடு முடிந்துவிடும்.

மேடையில் நின்ற அதிகாரி சிரித்த முகம் மாறாமல் பேசினார். நவம்பரிலேயே முந்திக்கொண்டு விண்ணப்பித்தால் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகமாம். கிடைத்தால் வேறெங்கும் பார்க்காமல் அங்கேயே வந்துவிட வேண்டுமாம். நிதியுதவி எவ்வளவு தருவார்கள் என்பது அதற்குப் பிறகுதான் தெரியுமாம். ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் விலை கேட்காமல் சேலை எடுப்பவரைக் கடைக்காரரே பரிதாபமாகப் பார்ப்பார். இங்கே அவருக்குப் பெயர் சிறந்த விண்ணப்பதாரி.

மகள் எழுந்து கேட்டாள்: வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்டால், இடம் கிடைக்கும் வாய்ப்புக் குறையுமா?

அதிகாரி முழுமையான பார்வை என்றார், பல காரணிகள் என்றார், ஒவ்வொரு மாணவரும் ஒரு கதை என்றார். கேள்வியைத் தவிர எல்லாவற்றையும் தொட்டார். அவர் முடித்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த, முன்பின் தெரியாத தமிழ் அம்மா ஒருவர் என் மகள் பக்கம் சாய்ந்து மொழிபெயர்த்தார்.

"பிள்ளை, ஓம், குறையும் எண்டுறார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பணம் உள்ளவனுக்கு ஒரு வாசல், இல்லாதவனுக்கு ஒரு வாசல், இரண்டுக்கும் மேலே திறமை என்ற ஒரே பெயர்ப்பலகை. ஆனால் என்னிடம் ஒரு தந்திரம் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய தந்திரம். விண்ணப்பத்துக்கென்று நாங்கள் பிடித்திருந்த ஆலோசகர் சொல்லியிருந்தார்: "அண்ணை, உதவி வேணுமெண்டு இப்ப போடாதேங்கோ. முதல்ல பிள்ளை உள்ள போகட்டும். பிறகு கேப்பம்." எந்த நாவலைக் கொடுத்தாலும் கதையில் ஓட்டை கண்டுபிடிக்கிற எனக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை. அதைப் பெருமையாக மகளின் காதில் ஓதினேன். என் ரகசியங்கள் பொதுவாக மூன்று நாற்காலிகளுக்குக் கேட்கும்.

"தம்பி, கோவியாதேங்கோ," என்றார் அந்த அம்மா. என் நரைத்த தலையைப் பார்த்தும் தம்பி என்றவரோடு எப்படிக் கோபிப்பது? "உந்த வேலையை மட்டும் செய்யாதேங்கோ. என்ரை மூத்தவனுக்கும் இதைத்தான் சொல்லித் தந்தவங்கள். இடம் கிடைச்சுது. லூயிஷாம் கோயில்ல பொங்கலும் பொங்கிக் குடுத்தம். பிறகு உதவி கேட்டால், விண்ணப்பம் போடேக்கை கேக்காத வெளிநாட்டுப் பிள்ளைக்கு நாலு வருஷமும் தர ஏலாதாம்."

"பிறகு?"

"பிறகென்ன. பெடியன் போகேல்லை. மற்ற இடங்களையும் அதுக்கு முதலே விட்டிட்டம். இப்பவும் என்னோடை கதைக்கிறது குறைவு."

மகள் நேரே போய் அதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தாள். உண்மைதானாம், இணையத்தளத்தில் இருக்கிறதாம். ஒரு மணிநேரம் ஏரிக்கரையையும் இலையுதிர்காலத்தையும் படம் போட்டுக் காட்டியவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

"அப்ப இண்டைக்கு ஏன் வந்தனீங்கள்?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

காதில் ஹெட்போனோடு அப்பால் இருந்த பெண்ணைக் காட்டினார். "இளையவள். இவளும் இங்கதான் போடுறாள். உதவி கேட்டுத்தான்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. உதவி கேட்கும் பிள்ளைகளுக்கு இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். நாங்கள் ஆலோசகர் சொன்னபடி போயிருந்தால் அந்த அம்மாவின் மகளுக்கு ஒரு போட்டி குறைந்திருக்கும்.

உதவி வேண்டும் என்று உள்ளதைச் சொல்லி முந்தியே விண்ணப்பித்தோம். டிசம்பரில் இல்லை என்று பதில் வந்தது. இந்த முடிவு உங்கள் திறமையைக் குறிப்பதல்ல என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பதிலில் நான் முழுதாக நம்பிய வரி அது ஒன்றுதான். மகள் இங்கேயே படிப்புக் கடனில் சேர்ந்து, என்னைவிடச் சீக்கிரம் அந்த மறுப்பை மறந்துவிட்டாள். அந்த இளையவளுக்கு என்ன ஆனதென்று தெரியாது. தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கவில்லை.

அந்த மண்டபத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. கூடவே கொஞ்சம் வெட்கமும் வருகிறது, ஏனென்றால் அந்த அம்மாவின் நாற்காலியில் நான் இருந்திருந்தால், மேடையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன்.