தேத்தண்ணியில் போட்ட மாத்திரை

என் மகள் தனுஜா ஓட்டக்காரி. நானூறு மீட்டரில் பள்ளியில் அவளை முந்த ஆளில்லை. பதினேழு வயதைத் தாண்டினால் மாவட்டக் குழுவில் சேர்க்க மாட்டார்கள். போன வருஷம் அவளுக்குப் பதினேழு.

அந்த ஜனவரியிலிருந்தே, எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு நாலு மாடி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. பள்ளி விட்டு வந்தால் தூக்கம். "எந்நேரமும் போனையே நோண்டுனா இப்படித்தான், சோம்பேறி!" என்று திட்டியவன் நான்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன தெரியும்?

பள்ளியில் மயங்கி விழுந்த பிறகுதான் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். ரத்த அளவு எட்டரை. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். அங்கே தாதியாக இருக்கும் மிஸ்ஸி நவமணி இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொண்டு, மாதவிடாய் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். நான் கூச்சப்பட்டு வெளியே வந்து, லோரிச் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

என் மனைவி கலாவதி விடியுமுன்னே ரவாங்கிலுள்ள தொழிற்சாலைக்குப் பஸ் ஏறிவிடுவாள். காலைத் தேநீர் என் பொறுப்பு. டின்பால் ஊற்றி, கெட்டியாகப் போடுவேன்.

"அப்பா, மாத்திரைய வெறும் தண்ணியிலதான் போடணுமாம். தேத்தண்ணி வேணாம்னு மிஸ்ஸி சொன்னாங்க."

"வெறும் வயித்துல வெறும் தண்ணியா? முப்பது வருஷமா எல்லா மாத்திரையும் இதுலதான் போடுறேன். செத்தா போயிட்டேன்? குடி லா!"

குடித்தாள். தினமும் எதிரில் நின்று பார்த்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு மாதத்தில் வரச் சொன்ன தேதியில் எனக்கு லோரி வேலை. அடுத்த தேதியும் போனது. மூன்றாவது மாதம் கிளினிக்குக்குப் போனபோது ரத்தம் ஒன்பதைக்கூடத் தொடவில்லை.

"மாத்திரைய வீசிட்டியாம்மா?" என்றார் நவமணி.

தனுஜா என்னைப் பார்த்தாள்.

"நான்தான் மிஸ்ஸி... தேத்தண்ணியில குடுத்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணே, தேயிலை இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாது. ஒரு கையில குடுத்து இன்னொரு கையில புடுங்கியிருக்கீங்க."

மாவட்டக் குழுவுக்கான ஓட்டத் தேர்வு அடுத்த வாரம். ஓடக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தேர்வு நாளன்று வேடிக்கை பார்க்கவாவது என்று திடலுக்கு நானே கூட்டிப் போனேன். தோழிகளின் பைகளையும் கழற்றிப் போட்ட சப்பாத்துகளையும் காவல் காத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்தாள்.

"மூணாவது கோட்டுல நிக்கிறா பாருங்கப்பா. போன தடவ என்கிட்ட தோத்த பொண்ணு லா."

அந்தப் பெண்தான் ஜெயித்தாள். தனுஜா கைதட்டினாள்.

இப்போது எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் மாத்திரை போட்டு, ரத்த அளவில் பன்னிரண்டைத் தாண்டிவிட்டாள். பதினெட்டு வயதும் ஆகிவிட்டது. படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறாள். அந்தச் சத்தம் கேட்டால், கையிலிருக்கும் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிடுகிறேன்.