பச்சைக் காரை விற்ற நாள்

காரை விற்கலாம் என்று முடிவெடுத்தது நான்தான். என் கணவரிடம் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வாங்குகிற நிலையில் அவர் இல்லை.

இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டபோது, கொட்டகையில் கோழி அடைந்துகிடந்த அந்த வண்டியை யாரும் கேட்கவில்லை. இவர் கேட்டார். லாரியில் ஏற்றிவந்து புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் இறக்கியபோது, கை வைத்த இடமெல்லாம் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. எனக்கு வந்த கோபத்தில் சில நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போது அவர் பாலிடெக்னிக்கில் வாத்தியார். சாயங்காலம் வந்ததும் லுங்கிக்கு மாறிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவார். "அந்த அரை இஞ்சு ஸ்பேனரை எடு" என்று கை மட்டும் வெளியே வரும். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். சில பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பார்சலில் வந்தன. கிடைக்காததைத் திருச்சியில் லேத்தில் கொடுத்துச் செய்தார். கரும்பச்சைப் பெயிண்ட் அடித்து வண்டி முதல்முறை ரோட்டில் இறங்குவதற்குள் எங்கள் மகள் பள்ளிக்கூடம் முடித்துக் காலேஜுக்கே போய்விட்டாள். அன்று கூரையை மடக்கிவிட்டு ஆவுடையார்கோவில் வரை போனோம். தலைமுடி கலைந்து, கோவில் வாசலில் இறங்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்க, எறங்கு" என்றார்.

ரிட்டயர் ஆன பிறகு மறதி வந்தது. கேஸை அணைக்க மறந்தார். சாப்பிட்டதை மறந்தார். ஒருநாள் காலையில் பேப்பர் வாங்க அந்தக் காரை எடுத்துக்கொண்டு போனவர் மத்தியானம் வரை திரும்பவில்லை. கடைசியில் அவருடைய செல்லிலிருந்தே கொடும்பாளூர் டீக்கடைக்காரர் ஒருவர் பேசினார்.

"அம்மா, சார் இங்கிட்டு நிக்கிறாருங்க. எங்க போகணும்னு கேட்டா சொல்லத் தெரியலைங்க."

அன்றைக்கே சாவியை எடுத்து ஒளித்துவிட்டேன். சாவியைக் கேட்டுச் சண்டை போட்டார். பீரோவைக் கலைத்தார். அரிசி டின்னைக்கூட விடவில்லை. பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார். சண்டை போட்ட நாட்களே தேவலை என்று எனக்குத் தோன்றியது. கொஞ்ச நாளில், முப்பது வருஷமாக என்னை 'நீ' என்று கூப்பிட்டவர், 'வாங்க, போங்க' என்று பேச ஆரம்பித்தார்.

"சும்மா நின்னா வீணாப் போயிரும்மா. ஓட்டுறவங்க கையில போகட்டும்" என்று சொல்லி, சென்னையிலிருக்கும் மகள் படங்களை நெட்டில் போட்டாள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் லாரியோடு வாங்க வந்தார். வீட்டு நிலைமையைப் போனிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கையில் என் கணவர் வெளியே வந்தார். கத்துவாரோ என்று பயந்தேன். கத்தவில்லை. அவரும் வாங்க வந்தவர்போல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ரொம்ப நல்லாப் பண்ணியிருக்காரு. யாருங்க செஞ்சது?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு வாத்தியாருங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

"மனுசன் மெனக்கெட்டிருக்காரு. ஒயரிங்கைப் பாருங்க, ஒரு எடத்துலகூட அவசரம் தெரியலை. ஏன் விக்கிறாரு?"

"அவருக்கு ஒடம்பு சரியில்லைங்க."

"அடப் பாவமே" என்றார்.

கோயம்புத்தூர்க்காரர் என்னைப் பார்த்தார். பிறகு, "சார், ஒரு ரவுண்டு போயிட்டு வருவமா?" என்று அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது இவர் முகமெல்லாம் சிரிப்பு. வந்தவர் தனியாக என் பக்கம் வந்தார்.

"இந்த வண்டியில கியர் எறக்கும்போது கிளட்சை ரெண்டு தடவை மிதிக்கணும்னு அவராவே சொன்னாரும்மா. ஒங்களுக்கு மனசில்லைன்னா வேணாம். நான் போயிடுறேன்."

ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது. வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் யாரோ ஒருவருடைய வேலையைப் பாராட்டுவார். நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

"எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

லாரியில் ஏற்றிக் கட்டும்போதுதான் இவருக்குப் பதற்றம் வந்தது. என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வீட்டுக்காரர் இல்லாத நேரத்துல எடுத்துட்டுப் போறாங்களே. அவரு வந்து கேட்டா என்னங்க சொல்லுவீங்க?"

"கேக்க மாட்டாருங்க."

"கேப்பாருங்க. இவ்வளவு பண்ணுனவரு கேக்காம இருப்பாரா?"

லாரி தெருமுனையில் திரும்பியது. வெயில் ஏறுகிறது என்று சொல்லி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். சோறு போட்டேன், சாப்பிட்டார். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

போர்ட்டிகோ இப்போது காலியாகத்தான் கிடக்கிறது. என் ஸ்கூட்டரை அங்கே நிறுத்தினால் வெயில் படாது என்று மகள் சொல்கிறாள். நான் இன்னும் வெளியில்தான் நிறுத்துகிறேன்.