செல்வகுமாரி ஓட்டிய வாடகை வண்டி

ஏம்பலத்தில் பலராமன் வீட்டார் எங்கே கிளம்பினாலும் செல்வகுமாரிக்கு ஒரு வேலை இருந்தது. செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்ளும் வேலை. யாரும் அதை அவளுக்கென்று ஒதுக்கவில்லை. தானாக வந்து அவள் மடியில் உட்கார்ந்துவிட்டது.

கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோ அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. தொடையைக் கையால் அழுத்தி ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தித்தான் ஒவ்வோர் அடியும் வைக்க வேண்டும். இப்படி நடக்கிறவளை எதற்குக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு அலைய வேண்டும் என்று அண்ணன் பலராமன் நினைப்பான். அந்த நினைப்பில் கெட்டது ஒன்றும் இல்லை. "நீ இங்கியே குந்திக்கோ செல்வி, நாங்க போய்ட்டு வந்துட்றோம்" என்பான். கோயிலோ, கண்காட்சியோ, துணிக்கடையோ, வாசலில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்துவிடும்.

மாசி மகத்துக்குச் சாமியோடு ஊரே டிராக்டர் ஏறி மணப்பட்டுக் கடற்கரைக்குப் போகும். அவளும் போவாள். சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இறங்கிக்கொள்வாள். அதற்கு மேல் மணலில் கால் புதையும், எடுத்து வைக்க முடியாது. சுற்றிலும் செருப்புகளும் மாற்றுத் துணிப் பைகளும் குவிந்திருக்க, நடுவில் உட்கார்ந்து கடலின் சத்தத்தைக் கேட்பாள். எல்லாரும் ஈரத்தோடு திரும்பி வருவார்கள். ஐம்பது வயதை நெருங்கிய செல்வகுமாரியின் காலில் அதுவரை ஓர் அலைகூடப் பட்டதில்லை.

எட்டாவதோடு படிப்பு நின்றது. பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை காபி குடித்துவிட்டுப் போனார்கள். அண்ணி ஜெயமணி கரும்புக் கொல்லைக்குப் போன நாட்களிலெல்லாம் பிள்ளை கார்த்திகா அத்தையின் மடியில்தான் கிடந்தாள். சோறு ஊட்டியது, தலை வாரியது, ராத்திரியில் பரீட்சைக்குப் படிக்கிறவளுக்குத் துணையாகக் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தது எல்லாம் அத்தைதான். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் கார்த்திகா. சேதராப்பட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தாள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை முத்துக்குமாருக்கு ஓசூரில் வேலை, அவளும் அங்கேதான் போகப்போகிறாள்.

கல்யாணத்துக்கு முன் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போய்வர வேண்டும் என்பது கார்த்திகாவின் ஆசை. சென்னைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தீம் பார்க்கை போனில் காட்டினாள்.

"நான் வூட்ட பாத்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் செல்வகுமாரி.

"நீ வராம நான் போவ மாட்டேன். அங்க பேட்டரி ஸ்கூட்டர் வாடகைக்குத் தராங்க அத்த. உக்காந்தபடியே பார்க் பூரா சுத்தலாம். அலை வர்ற குளம் ஒண்ணு இருக்கு, பாரு. மணலே கிடையாது, எல்லாம் சிமெண்டுத் தரை. நீ தண்ணியாண்ட உக்காந்தா போதும், அலையே வந்து உன் கால தொடும்."

"அடிச்சினு போய்டாதா?"

"நான் பக்கத்துல உன் கைய புடிச்சினு உக்கார்றேன். போதுமா?"

 அன்றிலிருந்து செல்வகுமாரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அடுப்பைப் பார்க்கும்போதும் அதே நினைப்பாக இருந்தாள். அலைகூட இரண்டாம் பட்சம்தான். ஆவணிக்குப் பிறகு இந்தப் பெண் இந்த வீட்டுக்கு விருந்தாளி. அதற்குள் ஒரு தடவை அவள் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் உட்கார வேண்டும்.

பார்க் வாசலில் பலராமனின் ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சிவப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். நான்கு சிறிய சக்கரங்கள், முதுகு சாய்ந்த இருக்கை, முன்னால் ஒரு கூடை. தாங்கள் வந்த வேனில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் ஒன்றைப் பலராமன் கொண்டுவந்து முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தான்.

"சார், இது வாடகை வண்டி சார்" என்றான் வண்டி கொடுத்தவன்.

"வாடகன்னா இன்னாபா? ஏறி உக்கார்றது எங்க வூட்டு பொண்ணு இல்ல?"

அவன் சிரித்துக்கொண்டே செல்வகுமாரிக்கு விளக்கினான். வலது கைப் பக்கம் இருக்கும் பிடியை அமுக்கினால் போகும், விட்டால் நின்றுவிடும். அவள் அமுக்கினாள். பழம் நசுங்கியது. வண்டி நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. யாரும் அவளுக்காக நிற்கவில்லை. இத்தனை வருஷமும் முன்னால் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள், அவள் அவசரப்பட்டு மூச்சு வாங்குவாள். இப்போது அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வேகமாக நடந்து வந்தான்.

"ஏய் செல்வி, மெதுவா போ. எனக்கு மூச்சு வாங்குது."

"உன்ன யாரு அவ்ளோ இட்லி துன்னச் சொன்னது?" என்றாள். அண்ணனிடம் அப்படிப் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. ஜெயமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கார்த்திகா ஓடி ஓடிப் போட்டோ எடுத்தாள்.

முதலில் கார்த்திகாதான் தன் தோள்பையைக் கூடையில் வைத்தாள். "அத்த, இது மட்டும்." அப்புறம் ஜெயமணியின் சாப்பாட்டுக் கூடை வந்தது. தண்ணீர் பாட்டில்கள், துண்டுகள், மாற்றுத் துணி மூட்டை என்று ஒவ்வொன்றாக ஏறின. பலராமனுக்கு வண்டி என்று ஒன்று வெறுமனே போவதைப் பார்க்கவே பொறுக்காது. ஊரில் அவனுடைய மொபெட் ஒரு நாளும் ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனதில்லை. முன்னால் பால் கேன், பின்னால் கரும்புத் தோகைக் கட்டு. முன்பு ஒரு முகாமில் தங்கைக்குக் கொடுத்த கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியிலும் தவிட்டு மூட்டைதான் போய் வந்துகொண்டிருந்தது. இப்போதும் அவன் எல்லாவற்றையும் சீராக அடுக்கி, தோள் துண்டால் இருக்கையின் முதுகோடு சேர்த்து இழுத்துக் கட்டினான். கரும்புக் கட்டுக்குப் போடும் முடிச்சு அது. ஆட ஆட இறுகும்.

"பாத்தியா, இன்னா வசதி" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு அந்த நாள் மெல்ல மெல்லப் பழைய நாட்களைப் போல ஆயிற்று. ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். அவர்கள் உள்ளே போனார்கள். அவள் பைகளோடு வெளியே இருந்தாள். சறுக்கு ஏறும் முன் ஜெயமணி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஒரு பர்சில் போட்டாள். கார்த்திகாவும் போனை அதற்குள் வைத்தாள். "பத்திரம் செல்வி" என்று சொல்லி அதையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எங்கோ மில் சங்கு மாதிரி ஒரு சங்கு ஊதியது. பின்னாலேயே ஆட்களின் கூச்சல்.

"அலை விட்டாங்க போல இருக்கே" என்றாள், கார்த்திகா சறுக்கிவிட்டு வந்ததும்.

"அரை மணிக்கு ஒரு தரம் விடுவாங்களாம் அத்த. சோறு துன்னுட்டுப் போலாம்."

சோறு தின்றார்கள். முத்துக்குமார் வீடியோ காலில் வந்தான். கார்த்திகா போனைச் சுழற்றிப் பார்க்கைக் காட்டினாள். அத்தை பக்கம் போன் வந்தபோது செல்வகுமாரி முந்தானையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். மறுபடியும் சங்கு ஊதியது. கார்த்திகாவின் முகம் திரையைவிட்டு அகலவில்லை. பேசி முடித்ததும் போனைப் பர்சில் போட்டு நீட்டினாள்.

"அத்த, அப்பா அந்த சுத்துற பெரிய உருண்டைல ஏறணும்னு ஒரே புடிவாதம். ஒண்ணே ஒண்ணு. நேரா உன்ன இட்டுனு போய்ட்றேன்."

"சீக்கிரம் வாடி" என்றாள். 

வரிசை நீளமாக இருந்தது. வெயில் சாய ஆரம்பித்தது. துடைப்பத்தோடு போன ஒரு பெண்ணை நிறுத்தி, அலைக்குளம் எதுவரை இருக்கும் என்று கேட்டாள். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், இன்னும் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் என்றாள் அந்தப் பெண்.

தனக்குக் கோபம் வருகிறதா என்று செல்வகுமாரி யோசித்துப் பார்த்தாள். கோபப்பட யாரும் ஒன்றும் செய்யவில்லையே. காசு கொடுத்து வண்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை கல்யாணப் பெண், அவள் சந்தோஷமாக இருக்கட்டும். எல்லாம் சரிதான். ஆனால் அவளுடைய கை அதற்குள் பின்னால் போய்த் துண்டின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தது. அண்ணன் போடும் முடிச்சு எங்கே தட்டினால் இளகும் என்று அவளுக்குத் தெரியும்.

வண்டியை ஒரு சிமெண்டு பெஞ்சின் ஓரமாக நிறுத்தி, பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் வைத்தாள். பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளிடம் கேட்கச் செல்வகுமாரிக்கு வாய் வரவில்லை. அது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தவள் அவள். பர்சை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு பிடியை அமுக்கினாள். சுமை இறங்கியிருந்ததால் வண்டி பாய்ந்துகொண்டு போனது.

அலைக்குளம் அவள் நினைத்ததைவிடப் பெரியது. நீலச் சாயம் பூசிய தரை சரிந்து சரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. மஞ்சள் கோட்டின் அருகே, விசில் வைத்திருந்த காவல்காரப் பெண் கையை நீட்டித் தடுத்தாள்.

"வண்டி இதுக்கு மேல வரக் கூடாதுக்கா. தண்ணி பட்டா கெட்டுப் போயிடும்."

"நான் மட்டும் போலாமா?"

அந்தப் பெண் அவளுடைய காலைப் பார்த்தாள். "ஓரமா உக்காந்துக்கங்க. வழுக்கும்."

அவள் வண்டியை விட்டு இறங்கும்போது குளத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. தொடையை ஊன்றி ஊன்றிச் சரிவில் இறங்கினாள். ஈரத்தில் கால் நழுவியது. நின்றாள், மறுபடி வைத்தாள். தண்ணீருக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் அலை தணிந்துவிட்டது. ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். குளம் தொட்டித் தண்ணீர் மாதிரி கிடந்தது.

அவள் திரும்பவில்லை. மெதுவாகக் கையை ஊன்றி உட்கார்ந்து, கால்களைத் தண்ணீருக்குள் நீட்டினாள். சூம்பிய கால் தண்ணீரில் லேசாக மிதந்தது. அடுத்த அலைக்கு எப்படியும் கார்த்திகா வந்துவிடுவாள். வண்டி மேலே சிவப்பாக நிற்கிறது, பார்த்தால் தெரியும்.

அரை மணி ஆகப்போகும் நேரத்தில் கார்த்திகா வந்தாள். முடியெல்லாம் கலைந்து, வெளிறிய முகத்தோடு ஓடி வந்தாள்.

"அத்த, எங்கெல்லாம் தேடுறது உன்ன? பை எங்க?"

"அந்த பெஞ்சாண்ட வெச்சிட்டு வந்தேன்."

"தனியாவா? அம்மா செயினு, என் போனு எல்லாம் அதுல இருக்கு அத்த. சொல்லாம கொள்ளாம இப்டியா வருவ?"

"இல்லடி, பர்சு எங்கிட்ட…"

அதற்குள் கார்த்திகா திரும்பி ஓடிவிட்டாள். "கார்த்தி" என்று அவள் கூப்பிட்டபோது சங்கு ஊத ஆரம்பித்தது. அவளுடைய குரல் அதில் அமுங்கிப் போயிற்று.

ஆட்கள் நாலா பக்கமும் இருந்து ஓடிவந்து தண்ணீரில் இறங்கினார்கள். குளத்தின் மறுகோடியில் தண்ணீர் புடைத்தது. முதல் அலை கணுக்காலோடு நின்றது. இரண்டாவது இடுப்பு வரை ஏறியது. அப்போதுதான் அவளுக்குப் பர்சின் நினைவு வந்தது. சங்கிலிக்கு ஒன்றும் ஆகாது, போன் நனைந்தால் போயிற்று. வெடுக்கென்று அதைப் பிடுங்கி ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். உட்கார்ந்திருக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டும், பின்னால் ஊன்ற இப்போது ஒரு கைதான் இருந்தது. அடுத்த அலை அவளைப் பக்கவாட்டில் சாய்த்துப் புரட்டியது. வாயில் மருந்து நெடியடிக்கும் தண்ணீர் புகுந்தது. கண்ணைத் திறந்தபோதெல்லாம் மேலே தூக்கிய கையைத்தான் பார்த்தாள். பர்ஸ் உயரத்தில் இருக்கிறதா, மூடி திறந்துகொண்டதா என்று பார்த்தாள். அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போய்க்கொண்டே இருந்தன.

காவல்காரப் பெண்தான் வந்து தோளுக்கடியில் கை கொடுத்து அவளை மேலே இழுத்து உட்கார வைத்தாள்.

கார்த்திகா பைகளைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தபோது குளம் அடங்கியிருந்தது. தூரத்தில் பலராமனும் ஜெயமணியும் வந்துகொண்டிருந்தார்கள். "பையெல்லாம் இருக்கு அத்த, பர்ச மட்டும்…" என்று அழுகையோடு ஆரம்பித்தவள், அத்தையின் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பர்சை வாங்கித் திறந்து பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

 பைகளை மஞ்சள் கோட்டுக்கு அப்பால் இறக்கி வைத்துவிட்டு வந்து, ஈரத் தரையில் அத்தையை ஒட்டி உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். காவல்காரப் பெண் குளத்தின் குறுக்கே கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அலை வந்துச்சா அத்த?"

"வந்துச்சி."

"எப்டி இருந்துச்சு?"

செல்வகுமாரி யோசித்தாள். அலை காலில் பட்டபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். தூக்கிப் பிடித்த கை வலித்ததுதான் நினைவுக்கு வந்தது.

"நல்லா இருந்துச்சிமா" என்றாள்.