ரூபனின் கிண்ணத்தில் நட்ட குச்சிகள்

போன சனிக்கிழமை என் வீட்டில் ஒரு அலறல். கையிலிருந்த நண்டுக்கறிச் சட்டி நழுவாமல் தப்பியது நான் செய்த புண்ணியம். அலறியவர் பக்கத்து வீட்டு மிஸஸ் லின். அலற வைத்தது... நான்தான்.

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் ஊரில் போர் முடிந்ததிலிருந்து கடல்கடந்து இங்கே வாழும் நம்மவர்கள் எதையும் கொண்டாடவில்லை. ஒரு கேக் வெட்டினாலே குற்றம் செய்ததுபோல இருக்கிறது. ஆனால் எத்தனை மாதம்தான் டிவிக்கு முன்னால் அழுதுகொண்டே இருப்பது? நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன் – சீனர்களின் நிலாப் பண்டிகை! நம்முடைய பண்டிகை இல்லையே, யார் குறை சொல்ல முடியும்? என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாங்கள் குடியிருக்கும் மில்லிக்கனில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் சீனர் வீடுகள். மிஸஸ் லின் வேலிக்கு மேலாகவே வகுப்பு எடுத்தார். அன்றைக்குக் குடும்பம் முழுவதும் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டுமாம். வரமுடியாமல் தூரத்தில் இருப்பவருக்கும் மேசையில் ஒரு கிண்ணம் வைப்பார்களாம்.

அதைக் கேட்டதும் வதனியின் நினைவு வந்தது. என்னோடு வேலை செய்பவள். (அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) அவளுடைய ஒரே தம்பி ரூபன் வன்னியில் இருந்தவன். மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. முகாம் பட்டியலிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. பக்கத்து நகரமான ஒஷாவாவிலிருந்து அவளுடைய மாமி மட்டும் வாரம் தவறாமல் போன் எடுப்பார்.

"எவ்வளவு காலம் பிள்ளை பாத்துக்கொண்டிருக்கப் போறாய்? ஒரு திகதியைக் குறி, அந்தியேட்டியைச் செய்வம். அவன்ர ஆத்மா அந்தரிக்கக் கூடாது."

இறந்தவருக்குச் செய்யும் அந்தச் சடங்குக்கு வதனி திகதி சொல்லமாட்டாள். போனை வைத்துவிடுவாள்.

சனிக்கிழமை மேசையில் நாலு பேர் – நான், என் கணவர், வதனி, மிஸஸ் லின். கிண்ணம் மட்டும் ஐந்து. "இது ரூபன்ர" என்றேன். வதனி சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதம்!

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா? அலங்காரமாக இருக்கட்டுமே என்று, அந்தக் கிண்ணத்துச் சோற்றில் சாப்ஸ்டிக் குச்சி இரண்டையும் நேராக நட்டுவைத்தேன். வாழைப்பழத்தில் ஊதுபத்தி குத்திப் பழகிய கை அல்லவா? பார்க்க வடிவாகவும் இருந்தது.

நண்டுக்கறிச் சட்டியோடு திரும்பி வந்தபோதுதான் அந்த அலறல். மிஸஸ் லின் பாய்ந்து வந்து குச்சிகளைப் பிடுங்கினார்.

"நோ! நோ! செத்தவருக்குத்தான் இப்படி நடுவது! ஊதுபத்தி மாதிரி!"

பாவம், ரூபனின் கதை அவருக்குத் தெரியாது. வதனி என்னைப் பார்த்தாள்.

"மாமிதான் சொல்லுறா எண்டு பாத்தா... நீங்களுமா அக்கா?"

"ஐயோ வதனி, சத்தியமாத் தெரியாமல் செய்துபோட்டன்!"

மாமி மாதக்கணக்காக வாதாடியும் முடியாததை நான் இரண்டு குச்சியில் முடித்துவைத்தேனே! அடுத்த வீட்டுப் பண்டிகை என்றால் நம் துக்கம் வாசலில் நின்றுவிடும் என்று யார் எனக்குச் சொன்னது?

என் கணவர் மெல்லிய குரலில் மிஸஸ் லினுக்கு விஷயத்தை விளக்கினார். மிஸஸ் லின் குச்சிகளைத் துடைத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். தான் கொண்டுவந்த நிலாக் கேக்கை எடுத்தார்.

"எத்தனை பேர்?"

"நாலு" என்றார் என் கணவர்.

"ஐந்து" என்று திருத்தினார் மிஸஸ் லின்.

வட்டமான கேக்கை ஐந்து சம துண்டாக வெட்டுவது லேசான காரியமில்லை. ஒரு துண்டு தடித்தால் ஓரத்தைச் சீவி, நேரமெடுத்து வெட்டினார். ஐந்தாவது துண்டைக் கேக் வந்த பெட்டியிலேயே வைத்து வதனியிடம் நீட்டினார்.

"இது உன் தம்பியின் பங்கு. வேறு யாரும் சாப்பிடக்கூடாது."

வதனி வாங்கிக்கொண்டாள். என்னோடு பேசாமலேயே வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை மன்னிப்புக் கேட்க அவளிடம் போனேன். "விடுங்கோ அக்கா" என்று கதவைத் திறந்தாள். எனக்கு ஐஸ்கிரீம் எடுக்க ஃப்ரீஸரைத் திறந்தபோது அந்தப் பெட்டி தெரிந்தது. அதன் ஒரு மூலையில் அச்சடித்திருந்ததைக் கறுப்பு மார்க்கரால் பட்டையாக அழித்திருந்தாள்.

"ஏனடி இதை அழிச்சனி?"

"பழுதாப்போற திகதி போட்டிருந்தவங்கள் அக்கா. நான்தான் ஒருத்தருக்கும் திகதி குடுக்கிறேல்லையே."